திரும்பி வரும் பொருள் யாருக்குச் சொந்தம்?

1

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அரசாங்க அறிக்கைகளிலும் பெரிய கம்பெனிகளின் விளம்பரங்களிலும் 'சுழற்சிப் பொருளாதாரம்' என்ற சொல் அடிபடுகிறது. தோண்டி எடுத்து, செய்து, விற்று, கடைசியில் குப்பையில் கொட்டுகிற பொருளாதாரம் பூமியைத் தின்று தீர்த்துவிட்டதாம். இனி எதுவும் குப்பையாகக் கூடாது. பயன்படுத்திய பொருள் திரும்பி வரவேண்டும், பழுது பார்க்கப்படவேண்டும், பிரிக்கப்பட்டு மறுபடி பொருளாக வேண்டும் என்கிறார்கள். நல்ல விஷயம்தான். யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் என்னமோ இதை நேற்றுத்தான் ஐரோப்பாவில் கண்டுபிடித்த மாதிரி பேசும்போது நமக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது.

செத்த மாட்டைச் செருப்பாகவும் பறையாகவும் கமலை இறைக்கும் தோல்பையாகவும் மாற்றியவர்கள் யார்? ஊர் தூக்கியெறிந்த இரும்பை, காகிதத்தை, கண்ணாடியைப் பொறுக்கி மறுபடி உலைக்கும் ஆலைக்கும் அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் யார்? இந்த நாட்டில் பொருளைச் சுழலவைத்தது சேரி. சுழலவைத்த கைக்குத் தீட்டு என்று பேர் வைத்தது ஊர்.

இந்தப் பெருமையை மட்டும் பேசிவிட்டுப் போனால் அது வெறும் வீறாப்பாகத்தான் முடியும். கேட்கவேண்டிய கேள்வி வேறு. திரும்பி வருகிற பொருள் யாருக்குச் சொந்தம்? அதைத் திறக்க, பிரிக்க, விற்க, வேண்டாம் என்று தள்ள யாருக்கு அதிகாரம்? கைக்குள் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வருகிற 'ஸ்மார்ட்' பொருள்களின் காலத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு வருவோம்.

2

ஊரில் ஒரு மாடு செத்தால் தூக்கிப்போட வேண்டியது சேரியின் கடமை. தோலும் கறியும் தூக்கியவனுக்கு. அதற்குப் பதிலாக மாட்டுக்காரன் வீட்டுக்குச் செருப்பு, வார், தோல்பை எல்லாம் தனிக்கூலி இல்லாமல் செய்து தரவேண்டும். அறுப்பு முடிந்து களத்தில் அள்ளிப் போடுவதுதான் வருஷக் கூலி. இடத்துக்கு இடம், சாதிக்குச் சாதி வழக்கம் மாறும், அடிப்படை இதுதான். மராத்தியப் பகுதியில் மகர்களின் 'பலுதா' முறையும் இந்த மாதிரிதான்.

மேலோட்டமாகப் பார்க்கிறவனுக்கு இதைவிட முழுமையான சுழற்சிப் பொருளாதாரம் கிடைக்காது. ஒரு முடி வீணாகவில்லை. கிராம சமுதாயம் என்று பூரித்துப்போகிற காந்தியவாதிகள் இன்றைக்கும் இதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் அந்தத் தோல் சேரிக்காரனின் உரிமையா, தண்டனையா? 'எனக்கு வேண்டாம், நீயே எடுத்துக்க' என்று சொல்ல முடியாத ஒரு பொருளுக்கு எவனாவது சொந்தக்காரனாக இருக்க முடியுமா? சொத்து என்றால் வைத்துக்கொள்ளவும் விற்கவும் மட்டுமில்லை, வேண்டாம் என்று விட்டுவிடவும் அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரம் நமக்கு இருந்ததே இல்லை.

பாபாசாகேப் அம்பேத்கர் இதைத்தான் பிடித்தார். 1927இல் மகத்தில் கூடிய மக்களிடம் செத்த மாட்டுக் கறியை விட்டுவிடுங்கள் என்றார். 1928இல் பம்பாய் சட்டசபையில், மகர்களைப் பரம்பரை ஊழியத்துக்குக் கட்டிப்போட்டிருந்த 1874ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். மானியம் என்று கொடுத்த துண்டு நிலம் ஊருக்கே அடிமை ஊழியம் செய்ய வைக்கிற விலங்காக இருக்கிறது என்பதுதான் அதன் சாரம்.

இதற்குள் தோலின் கதையே மாறிவிட்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறியது. தோலுக்கு உலகச் சந்தையில் விலை கிடைத்தது. விலை ஏற ஏற அது சேரியில் தங்கவில்லை. முன்பணம் கொடுக்கும் வியாபாரி, தரகர், பட்டணத்துத் தோல்கிடங்கு என்று கைமாறிப்போனது. வீட்டு வாசலில் தோல் பதனிட்டவன் பதனிடும் தொட்டியில் இறங்கி நிற்கிற கூலியானான். விலையில்லாதவரை தோல் நம்முடையது. விலை வந்ததும் அது வேறொருவனுடையது. இந்தப் பாடத்தை மனதில் வைத்துக்கொண்டு, செருப்பையே பிடித்துக்கொண்டு கடல் தாண்டிப் போவோம். திரும்பி வரும் பொருளுக்கு முதலாளி சொந்தக்காரனாகவே இருக்கிற முறை பெரிதாக வளர்ந்தது ஒரு செருப்பு எந்திரத்தில்தான்.

3

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லின் என்று ஒரு ஊர். பூட்ஸ் தொழிலுக்குப் பேர்போனது. வெட்டுவதற்கும் தைப்பதற்கும் எந்திரம் வந்த பிறகும் ஒரு வேலை மட்டும் கைக்குத்தான் அடங்கியது. கால் வடிவத்தில் செதுக்கிய கட்டையின்மேல் தோலை இழுத்து, சுருக்கம் விழாமல் மடித்து, அடியோடு சேர்த்து ஆணியடிக்கிற வேலை. ஆம்பூர்த் தொழிற்சாலைகளில் 'லாஸ்டிங்' என்கிறார்களே, அதுதான். கைதேர்ந்தவர் ஒரு நாளைக்கு 50 ஜோடி முடிப்பார்.

இதற்கு எந்திரம் செய்தவர் யான் எர்ன்ஸ்ட் மாட்ஸெலிகர். 1852இல் டச்சுக் காலனியான சுரினாமில் பிறந்தவர். தாய் கறுப்பினப் பெண், தகப்பன் டச்சு எஞ்சினியர். சுரினாமில் அடிமை முறை ஒழிந்ததே 1863இல்தான். பத்து வயதில் எந்திரப் பட்டறை, பத்தொன்பது வயதில் கப்பல் வேலை, அப்புறம் லின். ஆங்கிலம் சரியாக வராது. நிறத்தைக் காட்டி அந்த ஊர்த் தேவாலயங்கள் சில அவரைச் சேர்க்க மறுத்தன. ஒன்று மட்டும் சேர்த்துக்கொண்டது. நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பகலில் தொழிற்சாலை, ராத்திரியில் ஆராய்ச்சி. முதல் மாதிரியைச் சுருட்டுப் பெட்டி, மரத்துண்டு, கம்பி என்று கழிவுப் பொருளிலேதான் செய்தார். காசில்லை. முதல் போட்ட இரண்டு பேருக்கு, வரப்போகும் உரிமையில் மூன்றில் இரண்டு பங்கை எழுதிக் கொடுத்தார். 1883 மார்ச் 20ஆம் தேதி காப்புரிமை கிடைத்தது. எந்திரம் ஒரு நாளைக்கு 150இலிருந்து 700 ஜோடி வரை முடித்தது. பூட்ஸ் விலை பாதியாக இறங்கியது. மாட்ஸெலிகர் காசநோயில் 1889இல் செத்துப்போனார், வயது 36. தனக்கிருந்த பங்குகளைத் தன்னைச் சேர்த்துக்கொண்ட அந்தத் தேவாலயத்துக்கு எழுதிவைத்தார்.

அவர் எந்திரத்தின் உரிமை கை மாறி மாறி 1899இல் பல கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து உருவான யுனைடெட் ஷூ மெஷினரி கார்ப்பரேஷனுக்குப் போய்ச் சேர்ந்தது. இந்தக் கம்பெனி தன் முக்கியமான எந்திரங்களை விற்கவே விற்காது. குத்தகைக்குத்தான் விடும். இந்த வழியை முதலில் போட்டவர் கோர்டன் மக்கே. 1860களில் அடி தைக்கும் எந்திரத்தை வாடகைக்கு விட்டு, தைக்கிற ஜோடிக்கு இவ்வளவு என்று வசூலித்தவர். யுனைடெட் அதைப் பெரிய சாம்ராஜ்யமாக்கியது.

குத்தகையின் ஷரத்துகளைப் பாருங்கள். காலம் பத்து வருஷம். குத்தகைக்காரர் தன்னிடம் வேலை இருக்கும்வரை அந்த எந்திரத்தை முழு அளவுக்கு ஓட்டவேண்டும். வேறு கம்பெனி எந்திரத்துக்கு அந்த வேலையைக் கொடுக்கக்கூடாது. பழுதானால் கம்பெனி ஆள் வந்து பார்ப்பான், தனிக் கட்டணம் கிடையாது. காலம் முடிந்தால் எந்திரம் கம்பெனிக்கே திரும்பும். பழுது வேலைக்குத் தனிக் காசு இல்லை என்பது கேட்க இனிமையாக இருக்கிறது. அதன் விளைவு என்ன? சொந்தமாகப் பழுது பார்க்கும் பட்டறை என்பதே அந்தத் தொழிலில் தலையெடுக்கவில்லை. பழைய எந்திரச் சந்தையும் உருவாகவில்லை. கொஞ்சம் பணம் வைத்திருக்கிற தொழிலாளி பழைய எந்திரம் ஒன்றை வாங்கிப்போட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்குகிற வழி அடைபட்டது.

கட்டிப்போடும் ஷரத்துகள் சிலவற்றை 1922இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. 1947இல் அரசாங்கம் மறுபடி வழக்குப் போட்டது. 1953இல் நீதிபதி வைசான்ஸ்கி தீர்ப்புச் சொன்னார்: குத்தகைக்கு விடும் எந்திரத்தை விற்பனைக்கும் வைக்கவேண்டும், குத்தகை ஐந்து வருஷத்துக்கு மேல் கூடாது, பழுதுக்கான கட்டணத்தைத் தனியாகப் பிரிக்கவேண்டும். எந்திரம் மோசம் என்றோ சேவை மோசம் என்றோ அவர் சொல்லவில்லை. பொருள் நல்லபடியாகப் பராமரிக்கப்பட்டது, திரும்பி வந்தது. ஆனாலும் ஒரு தொழிலின் கழுத்து ஒருவன் கையில் இருந்தது. இந்தக் காலத்துச் சுழற்சிப் பொருளாதாரக்காரர்கள் படிக்கவேண்டிய தீர்ப்பு இது.

கம்ப்யூட்டரின் மூதாதையும் இந்தக் குத்தகையில்தான் வளர்ந்தது. ஐபிஎம் தன் கணக்கெடுப்பு எந்திரங்களை வாடகைக்கே விட்டது. எங்கள் அட்டையைத்தான் போடவேண்டும் என்று நிபந்தனை வைத்தது. அந்த நிபந்தனை 1936இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. 1956இல் அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி எந்திரத்தை விற்கவும், வெளியாட்கள் பழுது பார்க்க உதிரிபாகம் தரவும் ஐபிஎம் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

4

1976இல் வால்டர் ஸ்டாஹெல், ஜெனிவீவ் ரெடே இருவரும் ஐரோப்பிய ஆணையத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். பொருளின் ஆயுளை நீட்டினால் எரிசக்தி மிச்சம், பழுது பார்க்கும் வேலையில் ஆட்களுக்குப் பிழைப்பு என்பது அதன் சாரம். பின்னாளில் ஸ்டாஹெல் இன்னொரு படி போனார். பொருளை விற்காதே, அதன் பயனை வில். சொந்தம் உன்னிடமே இருந்தால் சீக்கிரம் கெட்டுப்போகிற பொருளை நீ செய்யமாட்டாய் என்றார். இதில் நியாயம் இருக்கிறது. 2015இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையம் பிலிப்ஸ் கம்பெனியோடு இப்படி ஒப்பந்தம் போட்டது. விளக்கு பிலிப்ஸுக்குச் சொந்தம், நிலையம் வெளிச்சத்துக்கு மட்டும் பணம் கட்டும்.

விமான நிலையமும் பிலிப்ஸும் சமபலம் உள்ளவர்கள். வக்கீல் வைத்துப் பேசிக்கொள்வார்கள். பலமில்லாதவனிடம் இதே ஒப்பந்தம் வந்தால் அது என்ன உருவம் எடுக்கும்? குத்தகைக்காரனுக்கும் நிலக்கிழாருக்கும் நடுவே எழுதாத ஒப்பந்தங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது தெரியாதா?

யுனைடெட் ஷூ கம்பெனி கணக்குப் பார்க்கவும் பழுது பார்க்கவும் ஆள் அனுப்பவேண்டியிருந்தது. இன்றைக்கு அந்த ஆளை ஒரு சில்லுக்குள் அடைத்துப் பொருளுக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டார்கள். ஸ்மார்ட் பொருள் என்பதற்கு நம்ம பாஷையில் அர்த்தம் இதுதான்: விற்ற பிறகும் விற்றவன் பேச்சைக் கேட்கிற பொருள்.

லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் கம்பெனி மை டப்பாவைக் குறைந்த விலைக்குக் கொடுத்தது. ஒருமுறைதான் பயன்படுத்தவேண்டும், காலி டப்பாவை எங்களுக்கே திருப்பவேண்டும் என்று நிபந்தனை. மறுபடி மை நிரப்பினால் வேலை செய்யாதபடி உள்ளே சில்லு. 'திருப்பிக் கொடு' என்பது சுழற்சிதானே? ஆனால் காலி டப்பாவை வாங்கி மை நிரப்பி விற்ற ஒரு சின்னக் கம்பெனிமேல் வழக்கும் போட்டார்கள். 2017 மே 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது: விற்றதோடு காப்புரிமையின் பிடி முடிந்தது. சட்டத்தின் பிடி தளர்ந்தது. சில்லின் பிடி தளரவில்லை.

டிராக்டர் கம்பெனியான ஜான் டீர் 2015இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்துக்கு எழுதியது: டிராக்டரை ஓட்டும் மென்பொருள் விவசாயிக்குச் சொந்தமில்லை, வண்டியின் ஆயுள்வரை ஓட்டிக்கொள்ள அவருக்கு அனுமதி மட்டும் உண்டு. 2009இல் அமேசான், விற்பனையில் உரிமைக் குளறுபடி என்று, ஆர்வெல்லின் '1984' நாவலை வாங்கியவர்களின் கிண்டில் கருவியிலிருந்தே அழித்தது. 2016இல் ரிவால்வ் என்ற வீட்டுக் கருவியை, அந்தக் கம்பெனியை வாங்கியிருந்த நெஸ்ட் தூரத்திலிருந்தே நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியது ஒரே நாளில் வெறும் டப்பாவானது. பழுதில்லை, தேய்மானமில்லை, சாகடிக்கப்பட்டது.

ஏழைக்கு இது எப்படி வரும்? தவணையில் விற்கும் செல்போனில் பூட்டு ஒன்றைப் போட்டு, தவணை தவறினால் எங்கிருந்தோ முடக்குகிற வழக்கம் நம் நாட்டில் நடந்திருக்கிறது. 2024இல் ரிசர்வ் வங்கி இதை நிறுத்தச் சொன்னதாகவும், 2025இல் நிபந்தனைகளோடு அனுமதிக்க யோசிப்பதாகவும் செய்திகள் வந்தன. கூலி வேலைக்குக் கூப்பிடுவது அந்தப் போனில். கூலி வருவதும் அதில். போனைப் பூட்டினால் வாயைப் பூட்டிய மாதிரி.

5

இனி, பொருள் செத்த பிறகு. 2022ஆம் ஆண்டில் உலகத்தில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்று ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். மிச்சத்தில் ஒரு பெரும்பகுதி எங்கே போனது? டெல்லி சீலம்பூர், மொராதாபாத் மாதிரி ஊர்களுக்கும், நம்மூர்க் காயலாங்கடைகளுக்கும்தான். அங்கே கையால் பிரிக்கிறவர்கள் முஸ்லிம்கள், தலித்துகள், பெண்கள்.

இதைப் புகழ்ந்து பாடவேண்டியதில்லை. செம்புக்காகக் கம்பியை எரிக்கிற புகையும், தங்கத்துக்காகப் பலகையை அமிலத்தில் முக்குகிற குழியும் ஆளைக் கொல்லும். ஆனால் அதே கைகளில் ஓர் அறிவும் இருக்கிறது. எந்தப் பலகையில் எது இருக்கும், எந்தப் பாகம் இன்னொரு போனுக்கு உயிர் கொடுக்கும் என்கிற அறிவு. ரிச்சி தெருவில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். இந்த அறிவைத்தான் பூட்டு வெட்டுகிறது. திருட்டைத் தடுக்க வந்த பூட்டு, முதல் சொந்தக்காரர் திறந்துவிடாமல் போட்ட நல்ல போனையும் வெறும் உலோகமாக்குகிறது. பாகங்களுக்கு எண் போட்டு ஜோடி சேர்த்துவிட்டால், ஒரு போனின் அசல் திரையை எடுத்து இன்னொன்றில் போட்டாலும் ஒழுங்காக வேலை செய்யாது. மறுபயன் போகிறது, மிஞ்சுவது உருக்குவதும் எரிப்பதும்தான்.

சட்டம் என்ன செய்தது? 2011ஆம் ஆண்டு விதிகள், பிறகு 2016, பிறகு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 2022ஆம் ஆண்டு விதிகள். விற்ற கம்பெனியே கழிவுக்குப் பொறுப்பு என்பது இவற்றின் கொள்கை. சரியான கொள்கை. புதிய விதிகளில் பதிவு செய்யவேண்டியவர்கள் நான்கு வகை: பொருள் செய்பவர், தன் பேரில் விற்பவர், புதுப்பிப்பவர், மறுசுழற்சி செய்பவர். பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர் சான்றிதழ் உண்டாக்குவார், கம்பெனி அதை விலைக்கு வாங்கும். முந்தைய விதிகளில் இருந்த பிரித்தெடுப்பவர் என்ற வகையே இதில் இல்லை. தெருத்தெருவாகச் சேர்க்கிறவர், உட்கார்ந்து பிரிக்கிறவர் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியமாட்டார். தெரிந்தால் குற்றவாளியாகத்தான் தெரிவார். சான்றிதழுக்கு விலை உண்டு, சேர்த்துக் கொடுத்த கைக்குப் பங்கு உண்டு என்று விதி சொல்லவில்லை. தோலுக்கு நடந்தது இங்கேயும் நடக்கிறது. விலை வந்ததும் பொருள் கைமாறுகிறது.

6

அப்படியானால் காயலாங்கடை வேலையை எங்களுக்கே விடுங்கள் என்று நாம் கேட்கவேண்டுமா? இல்லை. 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதற்குப் பதிலாக நம் மக்கள் செத்த மாடுகளை வண்டியில் ஏற்றிப்போய்ச் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலக வாசலில் போட்டார்கள். மாட்டு வாலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு நிலத்தைக் கொடுங்கள் என்று முழங்கினார்கள். மகத்தில் தொடங்கிய மறுப்பு அது. பிறப்பால் வந்த எந்த அழுக்கு வேலையையும் உரிமை என்று தூக்கிச் சுமக்க முடியாது.

ஆனால் அந்த வேலையில் இன்றைக்கு நிற்கிற சனங்களை நடுத்தெருவில் விட்டுவிட்டு மறுப்பும் பேச முடியாது. புனேயில் 1993இல் கழிவு பொறுக்கும் பெண்கள் காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத் என்ற சங்கம் கட்டினார்கள். பெரும்பாலும் தலித் பெண்கள். மாநகராட்சியிடம் அடையாள அட்டை வாங்கினார்கள். பிறகு 'ஸ்வச்' என்ற கூட்டுறவு அமைத்து, வீடுகளில் கழிவு எடுக்கும் ஒப்பந்தத்தைத் தாங்களே பெற்றார்கள். குப்பைமேல் முதல் உரிமை யாருக்கு என்ற கேள்வியை அவர்கள் அரசாங்கத்தின் மேசைமேல் வைத்தார்கள்.

பழுது பார்க்கும் உரிமை பற்றி உலகம் முழுக்கச் சட்டங்கள் வருகின்றன. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024இல் பாகங்களை ஜோடி சேர்த்துப் பூட்டுவதைத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதே ஆண்டு ஓர் ஆணை இயற்றியது. இந்தியாவில் 2022இல் ஒரு குழு போட்டார்கள், ஓர் இணையத்தளம் திறந்தார்கள். அங்கே பேச்செல்லாம் 'நுகர்வோர்' உரிமை. வாங்கினவனுக்கு உரிமை, சரி. வாங்காதவனுக்கு? அடுத்தவன் தூக்கிப்போட்டதைக் கையில் எடுக்கிறவளுக்கு?

நாம் அந்த விவாதத்துக்குள் போகவேண்டும். தூக்கிப்போட்ட பொருளோடு அதன் திறவுகோலும் வரவேண்டும். எண்பூட்டும் வரைபடமும் உதிரிபாகமும் தெருக்கடைக்கும் கிடைக்கவேண்டும். சான்றிதழ்ப் பணத்தில் சேர்த்தவருக்கும் பிரித்தவருக்கும் பங்கு விதியிலேயே எழுதப்படவேண்டும். அமிலக்குழியில் நிற்கிறவருக்குக் கையுறையோடு கருணை காட்டினால் போதாது, பட்டறையின் பங்கும் கூட்டுறவின் உரிமையும் வேண்டும். அவர் பிள்ளைகள் அந்த வேலைக்கு வராமல் போகவும் வழி வேண்டும். இந்தத் தொழிலில் எந்தச் சாதி எந்தப் படியில் நிற்கிறது என்று கணக்கெடுக்கச் சொல்லவேண்டும். அந்தக் கணக்கை யாரும் நமக்காக எடுத்துத் தரமாட்டார்கள்.

மாட்ஸெலிகர் கழிவிலிருந்து எந்திரம் செய்தார், எந்திரம் கம்பெனியுடையதானது. நம் முன்னோர்கள் செத்ததிலிருந்து செருப்புச் செய்தார்கள், அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நடக்க அவர்களுக்கே உரிமையில்லை. செய்தவன் கையில் பொருள் தங்காத வரைக்கும் அது எத்தனை சுற்றுச் சுற்றினாலும் நமக்கு அது பழைய செக்குதான்.